ஒன்பதாம் வகுப்பு மகனின் இயற்கணிதம்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகனுக்கு இயற்கணிதம் வரவில்லை, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவை இப்போதே எடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முடிய இன்னும் நாள் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தேன். –3(எக்ஸ் – 2) என்பதை –3எக்ஸ் – 6 என்று பிரித்திருக்கிறான். + 6 வர வேண்டும். இதே பிழைதான் கணக்குக்குக் கணக்கு வருகிறது. சமன்பாடு அமைக்க அவனுக்குத் தெரிகிறது; கழித்தல் குறியிலும் பின்னத்திலும்தான் சறுக்குகிறான். இரண்டும் ஆறு, ஏழாம் வகுப்புப் பாடங்கள். டியூஷனை மாற்றுவதைவிட, அந்தப் பழைய புத்தகங்களை எடுத்து தினமும் அரை மணி நேரம் போடச் சொல்லுங்கள். போடும்போது யாரும் திட்ட வேண்டாம். அவன் அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

"இது எதற்குப் பயன்படும்?" என்று அவன் கேட்பது நியாயமான கேள்வி. விடை உங்கள் வயலிலேயே இருக்கிறது. சம்பாவுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ டிஏபி உர மூட்டை ஒன்று போட்டால், அதில் 18 சதவீதம், அதாவது 9 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி யூரியாவிலிருந்து வர வேண்டும்; யூரியாவில் 46 சதவீதம். எத்தனை கிலோ யூரியா என்பதுதான் எக்ஸ்.

9 + 0.46 எக்ஸ் = 60
0.46 எக்ஸ் = 51
எக்ஸ் = ஏறத்தாழ 111

45 கிலோ மூட்டையில் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மூட்டை போட்டால் தழைச்சத்து 71 கிலோவைத் தாண்டும். பயிர் சாயும், புகையான் பூச்சியும் சேரும், காசும் வீண். நில அளவில் மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர் அல்லவா? அப்படியானால் ஐந்து மாவுக்கு எவ்வளவு யூரியா என்று அவனையே கேளுங்கள். 185 கிலோ, அதாவது நான்கு மூட்டையும் ஐந்து கிலோவும் என்று சொன்னால், விகிதமும் வந்துவிட்டது என்று பொருள். இந்தச் சாகுபடிப் பட்டத்துக்கு உரம் வாங்கும் கணக்கை அவனே போடட்டும், தாளில் எழுதி.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தாலும் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றில் இரண்டைக் கொண்டு மூன்றாவதைக் காண வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள்; விகிதம், வட்டி, வேலை-நாள் கணக்குகள் அதில்தான் வரும். வணிகவியல் பிரிவிலும் வட்டியும் தேய்மானமும் உண்டு. கணிதப் பிரிவை விட்டாலும் இந்த அடிப்படை அவனுக்கு வேண்டும்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுவரை பார்த்துவிட்டு எந்தப் பிரிவு என்று பேசலாம். அதற்கு முன், வரும் காலாண்டு விடுமுறையில் அவனை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை, அவன் போட்டுப் பார்த்த நோட்டு போதும்.