சாக்லேட்டில் வெள்ளை பூத்திருந்தால் தூக்கி எறிய வேண்டுமா?

கேள்வி: 70 சதவீத டார்க் சாக்லேட் கட்டியை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் சாம்பல் பூசியதுபோல வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சையா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். வெறும் கட்டி சாக்லேட்டில் பூஞ்சை வளரும் அளவுக்கு ஈரம் கிடையாது. (நாய்க்கு மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம், அதிலுள்ள தியோப்ரோமின் நாய்களுக்கு விஷம்.)

வெள்ளையை விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். உருகி மினுங்கினால் அது கோகோ வெண்ணெய். எங்கோ சூடு பட்டு இளகி, தன்போக்கில் மறுபடி இறுகியிருக்கிறது. மணல்போல நெருடினால் சர்க்கரை. உங்களுடையது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குளிர்ந்த கட்டியை வெளியே எடுத்ததுமே பிரித்தால் மேலே நீர் கோக்கும். அதில் சர்க்கரை கரையும். நீர் காய்ந்ததும் பரல்களாகத் தங்கிவிடும்.

சர்க்கரை பூத்ததை உருக்கினாலும் நெருடல் போகாது. சூடான பாலில் கரைத்துவிடுங்கள். வெண்ணெய் பூத்ததை மீட்கலாம். நறுக்கி, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45–50 டிகிரி செல்சியஸுக்கு உருக்குங்கள். அதில் பாதியளவு பூக்காத புதுச் சாக்லேட்டைத் துருவிப் போட்டு, 31–32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறி அச்சில் ஊற்றுங்கள். பூத்ததையே துருவிப் போட்டால் மறுபடியும் பூக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரண்டு கெட்டியாகிவிடும்.

உள்ளே பூரணம் வைத்த சாக்லேட்டுக்கு மேலே சொன்ன தைரியம் செல்லாது. பாலாடையோ பழக்கூழோ இருந்தால் அதில் நீர் உண்டு, பூஞ்சையும் வரும். கையால் செய்தவை இரண்டு மூன்று வாரம் தாங்கினாலே அதிகம். மேலே வெள்ளை இல்லாவிட்டாலும் உள்ளே கெட்டிருக்கலாம். வெட்டிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், சந்தேகம் வந்தால் குப்பையில் போடுங்கள். முந்திரி, பாதாம் வெறுமனே பதித்தது இந்தக் கணக்கில் வராது.

பூத்ததை விடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ‘கையால் செய்தது’ என்று உதிரியாக, பொருள் பட்டியலே இல்லாமல் விற்கும் பளபளப்பான துண்டுகளில் பல வெறும் காம்பவுண்ட்: கோகோ பவுடர், சர்க்கரை, பனைக்கொட்டை எண்ணெய். உருக்கி அச்சில் ஊற்றினாலே இறுகும், பக்குவம் பார்க்கும் வேலையே இல்லை. விற்பவர்களுக்கு அதுதான் வசதி. பொருள் பட்டியல் உள்ளதையே வாங்கி, அதில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு சில தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்த்தும் சாக்லேட் என்றே விற்கலாம். அதைச் சொல்லும் வரியைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் 70 சதவீதமோ கோகோ கொட்டையிலிருந்து வந்த எல்லாவற்றையும், வெண்ணெயையும்கூட, சேர்த்த கூட்டுத்தொகை. எது எவ்வளவு என்று சொல்லும்படி யாரும் கேட்பதில்லை.

அடுத்த கட்டியை 15–18 டிகிரியில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜ்தான் கதி என்றால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, எடுத்தபின் சில மணி நேரம் டப்பாவைத் திறக்காமல் வெளியே விட்டுவிடுங்கள்.