வெள்ளிக்கிழமை வீங்கிய கன்னம்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு வியாழன் இரவு கடைவாய்ப் பல்லில் வலி எடுத்து, விடிவதற்குள் கன்னம் வீங்கிவிட்டது. கெடாவில் வெள்ளியும் சனியும் அரசாங்கப் பல் கிளினிக் அடைப்பு என்பதால், ஞாயிறு வரை கிராம்பு எண்ணெயும் பனடோலுமாகச் சமாளித்தோம். பக்கத்துத் தாமானில் ஒருவர் வீட்டிலேயே மலிவாகப் பல் பிடுங்குகிறாராம். இனி இப்படி நேர்ந்தால் எங்கே போவது? பந்து விளையாடும் என் மகனுக்குப் பல் விழுந்தால் என்ன செய்வது?
- வாசகி, பீடோங்

பதில்: எங்கே போவது என்பதை வலியைவிட வீக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, கண்ணை நோக்கி ஏறினாலோ, வாயைத் திறக்கவும் எச்சிலை விழுங்கவும் சிரமப்பட்டாலோ, காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ, கிளினிக்கைத் தேடாமல் நேராகச் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 999ஐ அழையுங்கள். வீக்கத்துக்குள் கட்டியிருக்கும் சீழ் பரவினால் மூச்சுக்குழாயை நெருக்கக்கூடியது. அதற்கு வெள்ளி, சனி தெரியாது.

வீக்கமில்லாத வலிக்கு, அடைப்பு நாள்களிலும் திறந்திருக்கும் தனியார் பல் கிளினிக்குகள் சுங்கை பட்டாணியில் உண்டு. புறப்படுமுன் தொலைபேசியில், பல் டாக்டர் இப்போது இருக்கிறாரா, எக்ஸ்ரே வசதி உண்டா, கடைவாய்ப் பல்லை அங்கேயே பிடுங்குவார்களா என்று கேளுங்கள். கட்டணத்தை அதன் பிறகு கேட்டால் போதும். நம்மவர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கணவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) நோயோ, இரத்தத்தை இளக்கும் மருந்தோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பல் பிடுங்குபவரிடம் போகவே வேண்டாம். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பது குற்றம். சரியாகக் கிருமி நீக்காத இடுக்கி மஞ்சள் காமாலைக் கிருமியை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கொண்டு சேர்க்கும். முறையான பல் டாக்டரிடம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தொழில் சான்றிதழ் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அவர் பெயரை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம்.

போய்ச் சேரும்வரை பனடோல் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தும் பழைய வழக்கம் ஈறைப் புண்ணாக்குமே தவிர வலியைத் தீர்க்காது. யாரோ மிச்சம் வைத்த ஆண்டிபயாட்டிக்கும் வேண்டாம், வீக்கத்தின்மேல் சுடு ஒத்தடமும் வேண்டாம்.

மகனுக்கு நிலைத்த பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் வெண்பகுதியைப் பிடித்து எடுத்து, மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் திரும்பச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு, இயன்றால் அரை மணி நேரத்துக்குள், தாமதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேருங்கள். விழுந்தது பால் பல் என்றால் அதைத் திரும்பச் செருகக் கூடாது. காயத்தை மட்டும் காட்டினால் போதும்.