நிறுவனம் தரும் ரகசிய ஆலோசனைச் சேவையில் பேசினால் ஹெச்ஆருக்குத் தெரிந்துவிடுமா?

நீங்களாக அழைத்துப் பேசினால் பொதுவாகத் தெரியாது. மேலாளரோ ஹெச்ஆரோ முறைப்படி அனுப்பிவைத்துப் போனால் கொஞ்சம் தெரியும்.

இ.ஏ.பி. (ஊழியர் உதவித் திட்டம்) எனப்படும் இந்தச் சேவையைப் பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்றுதான் நடத்துகிறது. தலைக்கு இவ்வளவு என்று உங்கள் நிறுவனம் பணம் கட்டுகிறது. பதிலுக்கு அதற்குக் கிடைப்பது மொத்தக் கணக்கு. எத்தனை பேர் அழைத்தார்கள், வேலை அழுத்தம் எத்தனை, குடும்பச் சிக்கல் எத்தனை, கடன் தொல்லை எத்தனை, அவ்வளவுதான். பெயர் இருக்காது. ஆனால் பத்துப் பேர் உள்ள கிளைக்குத் தனி அறிக்கை போனால் "பெண், 40 வயதுக்கு மேல், மணமுறிவு" என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சின்ன அலுவலகம் என்றால், எத்தனை பேருக்குக் கீழே போனால் பிரித்துக் காட்டமாட்டார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மேலாளர் அனுப்பும்போது ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். வழக்கமாக, வந்தாரா, சொன்னதைப் பின்பற்றுகிறாரா என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போகும். பேசிய விஷயம் போகாது. அதற்கு மேல் ஏதாவது அந்தப் படிவத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் மருத்துவப் பரிசோதனை வேறு சமாச்சாரம். அது நிறுவனத்துக்காகச் செய்யப்படுவது, முடிவும் அங்கேதான் போகும்.

ரகசியத்துக்கு விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைகள் துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற உத்தரவு. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். "வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்ன மாத்திரத்தில் யாருக்கும் தகவல் பறக்காது. திட்டம் இருக்கிறதா, வழி கையில் இருக்கிறதா என்று கேட்டு, உங்களோடு சேர்ந்துதான் பாதுகாப்பு ஏற்பாட்டை யோசிப்பார்கள். முதல் அழைப்பில் தற்கொலை எண்ணம் பற்றி எல்லோரிடமும் கேட்பது வழக்கம், பதற வேண்டாம்.

உண்மையில் ரகசியம் கசிவது பெரும்பாலும் ஆலோசகரிடமிருந்து அல்ல. அலுவலக மின்னஞ்சல், அலுவலக மடிக்கணினி, எல்லோரும் பார்க்கும் காலண்டர், கண்ணாடிச் சுவர் மீட்டிங் ரூம், இவை வழியாகத்தான். சொந்த போனில், சொந்த டேட்டாவில் பேசுங்கள். செயலியில் சேர அலுவலக முகவரிதான் வேண்டும் என்றால், சரிபார்ப்பு முடிந்ததும் நினைவூட்டல்களைச் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். இலவச அமர்வுகள் முடிந்தபின் கட்டணத்தை நிறுவனம் வழியாகத் திரும்பப் பெற நினைத்தால், அந்த ரசீதை யார் பார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

இலவச அமர்வுகள் பெரும்பாலும் 3 முதல் 8 வரைதான். அது ஆண்டுக்கா, ஒரு பிரச்சினைக்கா? ஆலோசகரை மாற்றினால் எண்ணிக்கை குறையுமா? குறிப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? இவற்றை முதல் அழைப்பிலேயே கேளுங்கள். பல ஆண்டுப் பிரச்சினை என்றால் முதல் அமர்விலேயே சொல்லி, நீண்டகாலச் சிகிச்சைக்கு வெளியே யாரிடம் போகலாம் என்று கேட்டு வையுங்கள். கடைசி அமர்வில் சொன்னால், பாதிக் கதையோடு புது ஆளிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மாத்திரை, விடுப்புச் சான்றிதழ் இரண்டும் பொதுவாக இங்கே கிடைக்காது. அவற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.