ஹின்டர்கைஃபெக் கொலை வழக்கு என்பது என்ன? ஏன் இன்னும் துலங்கவில்லை?

ஜெர்மனியின் பவேரியாவில், மியூனிக்குக்கு வடக்கே இருந்த ஒரு தனிப் பண்ணைவீடு ஹின்டர்கைஃபெக். 1922 மார்ச் 31 இரவு அங்கே ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்: வயதான தம்பதி, அவர்களின் மகள், இரண்டு பேரக்குழந்தைகள், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பணிப்பெண். நால்வரின் உடல்கள் கொட்டகையில் கிடந்தன.

அக்கம்பக்கத்தார் உள்ளே போய்ப் பார்த்தது ஏப்ரல் 4-ல்தான். இடைப்பட்ட நாட்களில் மாடுகளுக்குத் தீனி வைக்கப்பட்டிருந்தது, புகைபோக்கியில் புகைகூட வந்ததாம். கொலையாளி அங்கேயே தங்கியிருக்கிறான்! எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துவது இதுதான்.

சரி, ஏன் பிடிபடவில்லை? மியூனிக் போலீஸ் வருவதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்கள். ஈரக் களத்தில் பதிந்த திருடனின் கால்தடத்தின் மேல் ஊரே நடந்தால் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? அப்புறம், ஆராய்ச்சிக்காக மியூனிக்குக்கு அனுப்பிய மண்டையோடுகளும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொலைந்துபோயின. கொலைக்கருவியான மண்வெட்டி, 1923-ல் வீட்டை இடித்தபோதுதான் கிடைத்தது.

இது கொள்ளைக்காக நடந்த கொலை என்று பலர் நினைக்கிறார்கள். போலீசும் முதலில் அப்படித்தான் சந்தேகித்தது. ஆனால் வீட்டில் நிறையப் பணம் எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.