அண்டார்டிகா, 2048 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகும் பழைய எண்ணெய்க் கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருக்க, ஆளே குடியிராத அண்டார்டிகாவை யார் காப்பாற்றுவார்கள்? 2048-இல் அங்கே சுரங்கத் தடை காலாவதியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? இறால் பண்ணை வைத்திருக்கும் எங்களால் இதில் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

– ஒரு வாசகர், வேதாரண்யம்

அன்புள்ள நண்பருக்கு,

காலாவதி ஆகாது. அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறையின் 7-ஆம் பிரிவு, அறிவியல் ஆய்வு தவிர மற்ற எல்லாக் கனிம வேலைகளையும் தடுக்கிறது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. 2048-இலிருந்து, ஆலோசனை உரிமை (ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமை) பெற்ற எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். அங்கே திருத்தம் நிறைவேறினாலும், 1991-இல் அந்த உரிமை பெற்றிருந்த 26 நாடுகளும் ஏற்புறுதி தந்தால்தான் செல்லும். இந்தியா அதில் ஒன்று. ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: நிறைவேறிய திருத்தம் 3 ஆண்டுக்குள் நடைமுறைக்கு வராவிட்டால், ஒரு நாடு நெறிமுறையிலிருந்தே விலகுவதாக அறிவிக்கலாம், 2 ஆண்டில் அது விலகிவிடும்.

டெல்டாவுக்கான நம் 2020 சட்டம் புதுக் கிணறுகளைத் தடுத்தது, ஓடுகிறவற்றைத் தொடவில்லை. அண்டார்டிகாவில் கிணறே தோண்டியிருக்கவில்லை. 1988-இல் சுரங்கத்தை அனுமதிக்கும் ஒப்பந்தம் எழுதி முடித்தாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் பிரான்சும் மறுத்ததும் அது விழுந்தது. யாருடைய முதலும் அங்கே முடங்கியிருக்கவில்லை என்பதால்தான் முழுத் தடை சாத்தியமாயிற்று என்பது என் முடிவு.

கடலில் கதை வேறு. 1982-இல் அண்டார்டிக் கடல் உயிர்வள உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது கிரில் பிடிக்கும் கப்பல்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. அதனால் தடை வரவில்லை, அளவுதான் வந்தது. கிரில் என்பது நம் சென்னாக்கூனி மாதிரி, 6 செ.மீ. வரை வளரும்; பெங்குவினும் திமிங்கிலமும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. தென் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டு வரம்பு 6,20,000 டன். அதில் அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டி 1,55,000 டன்னுக்கு மேல் கூடாது என்று உட்பிரிவு இருந்தது. மொத்த வரம்பைவிட இதுதான் முக்கியம். குஞ்சு பொரித்த பெங்குவின் கூட்டை விட்டு வெகுதூரம் போய் இரை தேட முடியாது. இந்த உடன்படிக்கையை நடத்தும் ஆணையத்தில் முடிவு என்றால் எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாததால் 2024-இல் உட்பிரிவு காலாவதியானது. 2025-இல் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொத்த வரம்பும் எட்டி, மீன்பிடி மூடப்பட்டது. 2048-ஐவிட எனக்கு இதுதான் கவலை.

உங்கள் கையில் இருப்பதும் இங்கேதான். பிடித்த கிரிலில் பெரும்பகுதி மாவாகித் தீவனத்துக்குப் போகிறது. இறால் தேடி வந்து தின்னட்டும் என்று சிறிதளவு கிரில் மாவு சேர்க்கும் தீவனங்கள் உண்டு. மூட்டையில் 'கடல் புரதம்' என்று பொதுவாகப் போட்டிருந்தால், கிரில் உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லாத தீவனத்துக்கு மாறுவதென்றால் எல்லாக் குளத்திலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு குளத்தில் மட்டும், பழையதோடு கலந்து, நாளுக்கு நாள் விகிதத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். செக் ட்ரேயில் (இறால் தின்றதைப் பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) தீவனம் மிஞ்சினால் அளவைக் குறையுங்கள். மிஞ்சியது அடியில் அழுகினால் அம்மோனியா ஏறும்.

இன்னொன்று, கிரில் வரம்பை முடிவுசெய்யும் அந்த ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூட்டம் நடக்கிறது. அதற்கு முன்பே உங்கள் விவசாயிகள் சங்கத்தின் பெயரில் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 'அண்டார்டிகாவைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் பயனில்லை. தீபகற்ப உட்பிரிவு வரம்பை மீட்க இந்தியா முன்மொழிய வேண்டும் என்று ஒற்றைக் கோரிக்கையாக எழுதுங்கள்.