சின்னக் குழந்தைகளோடு நெடும்பயணம்: கேள்வி பதில்

மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவள் நான். என் இரண்டு குழந்தைகளையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே நெடுந்தூரம் அழைத்துப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்றரை வயது மகளோடு எட்டு மணி நேர ரயில் பயணம். ஒரு பை நிறையப் பொம்மைகள் வாங்கிவிட்டேன். போதுமா?

பாதியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பையை மொத்தமாகத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவாள். அரை மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். ஐந்தாறு பொருள்கள் போதும். ஒவ்வொன்றையும் ஒரு கைக்குட்டையில் தனித்தனியாக முடிந்து வையுங்கள். முடிச்சை அவிழ்ப்பதே இந்த வயதில் பெரிய வேலை. ஒன்றில் அவளுக்கு முழுதாகச் சலிப்புத் தட்டும்வரை அடுத்ததை வெளியே எடுக்காதீர்கள். சலித்ததை ஒளித்து வைத்தால், இரண்டு மணி நேரம் கழித்து அதுவே புதுப்பொருள் ஆகிவிடும்.

கடையில் வாங்கிய பொம்மையைவிடத் திருகு மூடி போட்ட காலி டப்பா அதிக நேரம் தாங்கும். காகித ஒட்டுநாடாவும் அப்படித்தான்: நீளமான துண்டுகளாக இருக்கையில் ஒட்டிக் கொடுத்தால் உரித்துக்கொண்டே இருப்பாள். வாய்க்குப் போகாமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் பேட்டரி உள்ளவை, சிறு காந்தங்கள் உள்ளவை எதுவும் பையில் இருக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பத்து மாத மகன், எதைக் கொடுத்தாலும் கீழே எறிகிறான். குனிந்து குனிந்து முதுகு ஒடிகிறது.

எறிந்த பொருள் எங்கே போகிறது, திரும்ப வருகிறதா என்று அவன் சோதித்துப் பார்க்கிறான். திட்டாதீர்கள், அது அவனுடைய படிப்பு. பொம்மையை ஒரு சாணுக்கும் குறைவான நாடாவில் இருக்கைப் பட்டையோடு கட்டிவிடுங்கள். அவன் தூங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். நாடா நீளமானால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். துணியால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். இந்த வயதில் அதற்கு ஈடான வேடிக்கை வேறில்லை.

செல்போன் கொடுக்கலாமா?

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அதைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிட்டால் பிறகு கையிலிருப்பது எதுவும் எடுபடாது. கதைகளை முன்பே பதிவிறக்கிவிடுங்கள். “இந்தக் கதை முடிந்ததும் வைத்துவிடுவோம்” என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். நடுவில் பிடுங்கினால் அழாமல் என்ன செய்யும்?

காரில் படப்புத்தகம் பார்த்தாலே என் நான்கு வயது மகளுக்கு வாந்தி வருகிறது.

உட்காதுக்கு வண்டியின் அசைவு தெரிகிறது. புத்தகத்தில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது; இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயதுவரை இது மிகுதி. ஆகவே புத்தகம், திரை இரண்டையும் விட்டுவிடுங்கள். தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள், காற்று வரட்டும். மருந்து கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

இனி காதும் வாயும்தான் விளையாட்டுச் சாமான். “கா-வில் தொடங்கும் ஒன்றைப் பார்த்தேன்” என்று தொடங்குங்கள். காகமா, காரா, காளையா? தமிழில் உயிர்மெய் ஒவ்வொன்றும் முழு ஓசையாக இருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் இதை விளையாட முடியும். என் வகுப்பில் மூன்றரை வயதுப் பிள்ளைகளே பெரியவர்களைத் தோற்கடித்திருக்கிறார்கள். விடுகதை போடலாம். தெரிந்த கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம்: பாட்டியின் வடையை யானை தூக்கிக்கொண்டு பறந்தது என்றால், திருத்தாமல் விடவே மாட்டாள்.

விமானம் இறங்கும்போது காது வலிக்கிறதென்று அழுகிறான்.

இறங்கத் தொடங்கும் முன் எழுப்பிவிடுங்கள். விழுங்கினால் காதடைப்பு விடும். கைக்குழந்தைக்குப் பால், பெரிய குழந்தைக்கு உறிஞ்சுகுழலில் தண்ணீர். சளி பிடித்திருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“எப்போது வந்து சேரும்?” ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதே கேள்வி.

மூன்று மணி நேரம் என்பது அந்தக் குழந்தைக்கு வெறும் சொல். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக மாற்றிக் கொடுங்கள். காகித வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்யுங்கள்; அரை மணிக்கு ஒன்றை அவனே கிழிக்கட்டும். எத்தனை மீதி என்று எண்ணிப் பார்த்து அவனே உங்களுக்குச் சொல்வான். தாமதமானால் கூடுதலாக வளையம் சேர்த்து ஏமாற்றாதீர்கள்; உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

வண்டி மாற மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

உட்கார வைக்காதீர்கள். அடுத்த வண்டியில் உட்காரத்தானே போகிறார்கள்! கூட்டமில்லாத மூலை தேடி ஓடவிடுங்கள், குதிக்கவிடுங்கள். தரையிலுள்ள கட்டங்களில் கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். கை எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி ஏறும் அரை மணிக்கு முன் கழிப்பறை, கை கழுவல், தண்ணீர். பொம்மைப் பையை மட்டும் அங்கே அவிழ்க்காதீர்கள்; அது உள்ளே ஏறிய பிறகு வேண்டும்.