ஆற்காடு மக்கன் பேடா வீட்டில் செய்தால் நடுவில் ஏன் கட்டியாகிறது?

மக்கன் பேடா, பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஆற்காட்டின் இனிப்பு. சர்க்கரை இல்லாத கோவாவையும் மைதாவையும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துத் தட்டிப் பொரித்துப் பாகில் போடுவார்கள்.

கோவாவின் கொழுப்பு மாவை இழுவை பிடிக்காமல் வைக்கிறது. ஒரு சிட்டிகை சோடா உப்பு உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுத் துளைகளை உண்டாக்கும். காய்ந்த பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அவை பாகை இழுத்துக்கொள்ளும்.

சரி, கட்டியாவது ஏன்? பெரும்பாலும் தீதான் காரணம். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும்போது போட்டால் மேலே சட்டென்று சிவந்துவிடும், உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும், பாகும் இறங்காது. சிறு தீயில் மெதுவாகத் திருப்பிவிடுங்கள், அவசரமே வேண்டாம்.

சோடா கூடினால் இன்னும் மிருதுவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடினால் பேடா எண்ணெயிலேயே விண்டுபோகும்.